ஆள் இறங்கு

தராசக்காவிடம் ஐந்து கிலோவை மறைத்துக்கொண்டு போன லாரிக்காரன் இன்னும் பிறக்கவில்லை. நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கும் எடைமேடையில் அவள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது சம்பளச் சீட்டோடு சரி. வண்டி மேடைமேல் ஏறி நின்றதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஆள் இறங்கு" என்பாள். ஓட்டுநர், கிளீனர், வழியில் கைகாட்டி ஏறினவன், எல்லாரும் இறங்கி வந்து மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொத்தானைத் தொடுவாள்.

இது சும்மா அதிகாரத்துக்குச் செய்கிற காரியம் இல்லை. காலி லாரியை எடை போடும்போது சீட்டுக்குப் பின்னால் இரண்டு தடியன்களைப் படுக்கவைத்து வண்டி எடையைக் கூட்டிக் காட்டுவது ஒரு பழைய தந்திரம். அப்போதுதான் அப்புறம் ஏற்றுகிற சரக்கு குறைவாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்று பிடித்த பிடி. மழை கொட்டினாலும் சரி, காலில் கட்டுப் போட்டிருந்தாலும் சரி, ஆள் இறங்கியே ஆக வேண்டும். எடை என்றால் வண்டி எடை. ஆள் அதில் சேர்த்தி இல்லை.

இப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசலிலேயே நாலு மாதமாக ஒரு வண்டி எடை ஏறிக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்வது!

ஏற்றிக்கொண்டிருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். மரத்தில் பீரோ செய்கிறவர். பீரோக்காரர் என்றால்தான் நாலு தெருவுக்கும் தெரியும். அவர் செய்த பீரோவை ஒரு வீட்டில் கொண்டுவந்து வைத்தால் வைத்ததுதான். வீடு மாறிப் போனவர்கள் பீரோவை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 'அசையாது' என்பதுதான் அவருடைய ஒரே விளம்பரம். இடத்தைவிட்டு அசையாத சாமான்களாகவே முப்பது வருடம் செய்த மனுஷர், இப்போது முதல்முறையாக அசைந்து போகவேண்டிய சாமான் ஒன்றில் கை வைத்திருந்தார். பழைய பிக்கப் வண்டி ஒன்றின் பின்னால் உட்கார்ந்து, மலையேறிப் போகப்போகிற ஒரு வீடு.

எல்லாம் மகளுக்காக. அவளும் அவள் கணவனும் மலைக்கு மேலே ஓர் அணைக்கட்டில் வேலை பார்க்கிறார்கள். குடியிருப்பு என்று கொடுத்திருப்பது ஒற்றை அறை. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். தங்கும் விடுதி என்று பார்த்தால் நாற்பது கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும். பஸ்ஸோ வாரத்துக்கு ஒன்று. அந்த மகள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ஏழு தையல் போட்டபோது வாயைத் திறக்காத பெண் அவள். எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. ஒருநாள் போனில் ஏதேதோ பேசிவிட்டு வைக்கப்போகும்போது, "அம்மா, அந்த நேரத்துல நீ பக்கத்துல இருந்தா நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். தராசக்கா போனை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். எப்படியாவது அங்கே போய்த் தங்கியாக வேண்டும், என்ன செய்வீர்களோ தெரியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். பீரோக்காரர் இழைப்புளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். தங்க வீடு இல்லை என்றால் வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். அன்றைக்கே பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை அளந்தும்விட்டார்.

அந்த நாலு மாதமும் வீடு திருவிழா பார்க்கப் போகிற வீடு மாதிரி இருந்தது என்றால் பொய்யில்லை. வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் வண்டியைச் சுற்றியே நிற்பார்கள். காபி வாசலிலேயே, சாப்பாடும் வாசலிலேயே. கட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் எவ்வளவு உயரம், அடுப்பு எங்கே என்று பேச்சு முடியவே முடியாது. ஓட்டுநர் கூண்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பரண் ஒன்று கட்டி, அதில் குழந்தையின் துணிமணியை வைக்கலாம் என்று அவள் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் பரண் தயாராக இருந்தது. மரம் இழைத்த வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. இந்த வயதில் இப்படிச் சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஆனால் செய்தது யார்? பீரோக்காரர் அல்லவா. சுவருக்கு ஓர் அங்குலக் கெட்டிப் பலகை. கூரைக்கு ஒன்பது விட்டம். வாசலுக்கு நிலையும் கதவும், வீட்டுத் தலைவாசலுக்குப் போடுகிற மாதிரியே. போதாததற்கு உள்ளே ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ ஒன்று. வண்டி பின்பக்கம் உட்காருகிறதே என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு, மனிதர் சக்கரத்துக்கு மேலே இருக்கிற வில்பட்டையில் கூடுதலாக இரண்டு பட்டை சொருகிவிட்டார். வண்டி விறைப்பாக எழுந்து நின்றது. பட்டை வளைகிற வளைவைப் பார்த்தே லாரியின் எடையைச் சொல்கிற கண் அவளுடையது. அந்தக் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டார், தெரிந்து செய்யவில்லை என்றாலும்.

பிள்ளைப்பேற்றுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை போன் செய்தார். மழையில் மலைப்பாதைப் பாலம் ஆட்டம் கண்டிருக்கிறதாம். மூவாயிரம் கிலோவுக்கு மேல் எந்த வண்டியும் பாலத்தில் ஏறக்கூடாது. முத்திரை போட்ட எடைச்சீட்டைக் காட்டினால்தான் காவல் சாவடியில் கட்டையைத் தூக்குவார்கள். அங்கே மறுபடி எடை போட மேடை கிடையாது, சீட்டுதான் எல்லாம்.

மறுநாள் காலையிலேயே வண்டியை மேடைமேல் ஏற்றினார்கள். பீரோக்காரர் இறங்கி மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வந்து நிற்கிற பிள்ளையாட்டம் நின்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். வெளியே தொங்குகிற பெரிய பலகையில் சிவப்பு எழுத்து எரிந்தது: 3,415.

தராசக்கா அந்த எண்ணை இரண்டு தரம் படித்தாள். அப்புறம் கோபம் மேலே ஏறியது. அவள் பேசினதை எல்லாம் இங்கே எழுத முடியாது. வண்டி கட்டச் சொன்னால் கோட்டை கட்டி வைத்திருக்கிறீர்களே என்பதில் ஆரம்பித்து, அளவு தெரிந்த மனுஷருக்கு எடை தெரியாதா என்று கேட்டு, கல்யாணத்தன்று அவர் கொண்டுவந்த துணிப்பெட்டியை ஆறு பேர் தூக்கினது வரைக்கும் போனாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தினபோது, நானூற்றுப் பதினைந்து கிலோதானே, எடுத்துவிடலாம் என்றார் பீரோக்காரர்.

எடுத்தார்கள். அந்தப் பதினைந்து நாளை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மூச்சு முட்டும். கெட்டிப் பலகையைக் கழற்றிவிட்டு மெல்லிய பிளைவுட் சுவர். ஒன்பது விட்டம் ஐந்தாயிற்று. இருநூறு லிட்டர் தண்ணீர் டிரம் போய், சின்னக் கேன் ஒன்று வந்தது. அதையும் காலியாகக் கொண்டுபோய் மேலே நிரப்பிக்கொள்வது என்று முடிவு. கண்ணாடி பீரோவை இறக்க ஐந்து பேர் வந்தார்கள். பீரோக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் ஆபீஸிலிருந்து ஒரு தொங்கு தராசைக் கொண்டுவந்து வாசல் மரத்தில் மாட்டினாள். வண்டிக்குள் போகிற ஒவ்வொரு பொருளும் அதில் ஒருமுறை தொங்கிவிட்டுத்தான் போக வேண்டும். பலகை, கீல், அடுப்பு, தட்டு, கரண்டி, தலையணை. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எடை எழுதினாள்.

கூரை மெல்லிசாகிப் போனதில் ஒழுகத் தொடங்கியது. அவர் ஏணிமேல் நின்று குழாயால் தண்ணீர் அடிக்க, அவள் உள்ளே கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டாள். முதல் தடவை பதினொரு வட்டம். அவர் இணைப்புகளில் ரப்பர் பட்டை வைத்து இறுக்கினார். இரண்டாவது தடவை நாலு. மூன்றாவது தடவை ஒரே ஒரு சொட்டு, சரியாக அவள் மூக்கின் மேல் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு அவரும் மேலே நின்று சிரித்தார். ஏணி ஆடியது, அது வேறு விஷயம். நாலாவது தடவை வட்டமே இல்லை.

கடைசி நாள் காலையில் மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார். டாக்டர் பார்த்தாராம். நாள் கணக்கெல்லாம் இனி பார்க்க வேண்டாம், எந்த நேரமும் ஆகலாம் என்றாராம். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, வீட்டைப் பூட்டி, எடைமேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு அப்படியே மலைக்குக் கிளம்புவது என்று புறப்பட்டார்கள்.

எடைமேடையில் எள் போட்டால் எள் விழாது. இருபது லாரியாவது வரிசையில் நின்றது. எடை போட்டு முடித்தவன்கூடப் போகவில்லை. பின்னே என்ன? ஐந்து கிலோவுக்காக ஐந்து மணி நேரம் தங்களைக் காக்க வைத்தவளின் சொந்த வண்டி மேடை ஏறப்போகிறது. அதைப் பார்க்காமல் எவன் போவான்? அவளுக்கு லீவுதான். ஆனாலும் வேறு யாரையும் பொத்தானைத் தொட விடவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள், தலையை நீட்டினாள்.

"ஆள் இறங்கு."

பீரோக்காரர் இறங்கி வந்து மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். பலகை எரிந்தது: 2,980.

லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். யாரோ விசில் அடித்தான். பீரோக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார். அவள் சீட்டை அடித்து, முத்திரையை ஓங்கிக் குத்தி, இருபது கிலோ மிச்சம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் அந்த நெட்டையன் வாயைத் திறந்தான். நெட்டையன் என்பவன் செங்கல் ஏற்றுகிற லாரிக்காரன். ஆள் ஆறடிக்கு மேல். போன மாதம்தான் அவனை இருபது செங்கலை இறக்கிவைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

"அக்கா, மலைக்கு வண்டிய ஓட்டிட்டுப் போறது யாரு?"

"இவருதான். வேற யாரு?"

"நீங்க?"

"நான் பக்கத்துல உக்காந்து போவேன்."

"இல்ல… ரெண்டு பேரும் இங்க கீழ நிக்கிறீங்களே, அதான் கேட்டேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, குப்புற விழுந்ததுதான். இருபத்திரண்டு வருடம் ஆளை இறக்கி இறக்கி எடை போட்டவளுக்கு, வண்டியில் ஆளும் ஏறும் என்பதே மறந்துபோயிருந்தது. தலையணையை எடை போட்டாள், அதில் வைக்கப்போகிற தலைகளை எடை போடவில்லை. பதினைந்து நாளாக அந்த மனுஷரைக் கணக்குத் தெரியாதவர், எடை தெரியாதவர் என்று எப்படியெல்லாம் பேசினாள். இப்போது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

லாரிக்காரர்கள் நல்லவர்கள். அவர்களே வழியும் சொன்னார்கள். சீட்டு அடித்தாயிற்று, முத்திரையும் விழுந்தாயிற்று. அதில் வண்டி எடை என்றுதானே போட்டிருக்கிறது, பொய் ஒன்றும் இல்லையே. சாவடியில் யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்? பிள்ளை அங்கே வழி பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறது, கிளம்புங்கள் அக்கா என்றார்கள்.

அவள் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் அவளுக்குப் போய்விடத்தான் தோன்றியது. கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் மகளைப் பார்த்துவிடலாம். அவள் எடைமேடைக்காரி என்பதை மலையில் யார் கண்டார்கள்? ஆனால் அந்தப் பாலத்தின் மேல்தானே அணைக்கட்டுக்குப் பால்வண்டி போகிறது, டாக்டர் போகிறார், நாளைக்கு அந்தக் குழந்தையும் போகும்.

"பாலத்துக்குச் சீட்டு படிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அதைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

பிறகு தானே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவரையும் ஏறச் சொன்னாள். நெட்டையனை ஜன்னலுக்குப் பின்னால் அனுப்பி, பச்சைப் பொத்தானை அழுத்து, வேறு எதையும் தொடாதே என்றாள். பலகையில் 3,115 எரிந்தது.

பீரோக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பழிக்குப் பழி வாங்க இதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்காது. அவர் அதைச் செய்யவில்லை.

"நீதான் வண்டி ஓட்டுவியே. நான் இறங்கிக்கிறேன். எழுபத்தஞ்சு கிலோ போயிடும். மிச்சத்துக்கு நாலு பலகையக் கழட்டினா போதும். நீ போய் அவ பக்கத்துல இரு. நான் அடுத்த வாரம் பாலம் வரைக்கும் பஸ்ஸுல வந்து, அப்புறம் நடந்து வரேன்."

"இந்த வண்டிலேர்ந்து எத வேணா இறக்குவேன்" என்றாள் அவள். "உங்கள இறக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் கதவு திறந்திருக்கிறது, வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று உறைத்தது. வெட்கமாகப் போயிற்று. ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மனதில் இருந்தது அதுதான்.

அதற்கப்புறம் நடந்ததை அந்த எடைமேடையில் இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். நூற்றுப் பதினைந்து கிலோவை வண்டி மேடைமேல் நிற்கும்போதே எடுப்பது என்று பீரோக்காரர் முடிவு செய்தார். பட்டறைக்குத் திரும்பிப் போனால் ஒரு நாள் போய்விடும். கருவிப்பெட்டியைத் திறந்தார். லாரிகளிலிருந்து ஸ்பானரும் கடப்பாரையும் வந்தன. அவள் முன்சீட்டில் எடைக்காக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பதிலாக அவர் எடை உள்ள ஒரு கிளீனரைத் தேடிப் பிடித்து ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, ஆடாதே என்றாள். பின்னால் ஏறி வேலை செய்கிறவர் ஒவ்வொன்றையும் கழற்றியதும் கீழே குதித்துவிடுவார். நெட்டையன் எண்ணைக் கத்துவான்.

முதலில் கதவு. நிலையோடு பெயர்த்து எடுத்தார்கள். பீரோக்காரர் அந்தக் கதவுக்கு ஒன்பது நாள் இழைத்திருந்தார். அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது கையால் ஒருமுறை தடவினார், அவ்வளவுதான். 3,075. அடுத்தது கட்டில். இரண்டு பேர் படுக்கிற கட்டிலை நடுவில் ரம்பம் போட்டு அறுத்தார். அறுக்க அறுக்கக் கூட்டம் ஏதோ பந்தயம் பார்க்கிற மாதிரி கத்தியது. பாதிக் கட்டில் கால்களோடு வெளியே வந்தது. 3,030. மடக்கு மேஜை போனதும் 3,015. கதவு இருந்த இடத்தில் ஓட்டை வாய் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து ஒருவர் தன் லாரியின் தார்ப்பாயில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். அதைத் திரையாகக் கட்டியதும் ஐந்து கிலோ ஏறி 3,020 ஆயிற்று. நல்லதுக்குக் காலமில்லை என்று யாரோ முணுமுணுத்தான்.

பீரோக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கருவிப்பெட்டியை மூடி, தூக்கி மேடைக்கு வெளியே வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெட்டி இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. 3,005.

ஐந்து கிலோ. அங்கேயே நின்றுவிட்டது. இனி கழற்ற என்ன இருக்கிறது, நாலு சுவரும் அரைக் கட்டிலும்தான். ஐந்து கிலோதானே அக்கா, பாலம் என்ன சொல்லப்போகிறது என்று நெட்டையன் இழுத்தான். அவள் குனிந்து, தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தாள்.

தொங்கு தராசில் ஏறாமல் அந்த வண்டிக்குள் போன ஒரே பொருள் அதுதான். கரண்டியை எல்லாம் எடை போட்டவள், இதைத் திருட்டுத்தனமாக ஒளித்து வைத்திருந்தாள். உள்ளே மகளுடைய பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டர், அவள் குழந்தையாக இருந்தபோது போர்த்தின கம்பளி, அதே காலத்து மரப்பொம்மைகள், இரண்டு போட்டோ ஆல்பம். இறக்கினாள். முகம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. பீரோக்காரர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

பலகையில் 2,995.

ஹாரன் சத்தத்தில் நெடுஞ்சாலையே அதிர்ந்தது. அவள் ஓடிப்போய்ப் புதுச் சீட்டு அடித்தாள். வண்டி எடை என்கிற இடத்துக்குப் பக்கத்தில் 'ஆள் உட்பட' என்று கையால் எழுதி முத்திரை குத்தினாள். பையையும் கருவிப்பெட்டியையும் நெட்டையன் எடுத்துத் தன் லாரியில் வைத்துக்கொண்டான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் தானும் செங்கல் கொண்டுபோவதாகவும், சாவடியில் வைத்துவிடுவதாகவும், மாப்பிள்ளை வந்து தூக்கிப்போகட்டும் என்றும் சொன்னான். ஆனால் தன் வண்டியை எடை போடும்போது இதையும் சேர்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டான். இருபது செங்கலை அவன் மறக்கவில்லை.

சாவடியில் சீட்டைப் பார்த்தவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டையைத் தூக்கினார். பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தபோது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் எடை குறையுமா என்ன! அந்தப் பக்கம் சக்கரம் தொட்டதும் அவள் அவருடைய கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் ஹாரன் அடித்தார். சும்மா, சந்தோஷத்துக்கு.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, தார்ப்பாய்க் கதவைத் தூக்கி, அரைக் கட்டிலைப் பார்த்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றாள். "நெஜமாவே வந்துட்டியாம்மா" என்றாள். அதை இரண்டு தடவை சொன்னாள்.

அரைக் கட்டிலில் எப்படி இரண்டு பேர் படுப்பது என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை ரொம்பத் தாராளமாக, தானும் மாமாவும் வண்டியில் படுத்துக்கொள்வதாகவும், அத்தை உள்ளே மகளோடு இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஒருவர் அரைக் கட்டிலில், ஒருவர் முன்சீட்டில். யார் கட்டிலில் என்று இரண்டு பேரும் தினமும் காசு சுண்டிப் பார்த்தார்கள். நாலு மாதம் கட்டி, பதினைந்து நாள் பிரித்து, மேடைமேல் அறுத்து, அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த வண்டி வீட்டில் தராசக்கா ஒரு நாளும் தலை சாய்க்கவில்லை. மகளின் தோளோடு தோளாகப் படுத்திருந்தாள். மகள் கேட்டதும் அந்த இடத்தைத்தானே.

மூன்றாம் நாள் காலை, எட்டு மணிக்கு, அணைக்கட்டு மருத்துவ அறையில் பெண் குழந்தை பிறந்தது. வலி தாங்காமல் மகள் பிடித்த பிடியில் தராசக்காவின் மணிக்கட்டு சிவந்துபோயிருந்தது. நர்ஸ் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, மேஜைமேல் இருந்த சின்னத் தராசில் படுக்கவைத்தாள். பாட்டியாகிவிட்டவள் பக்கத்தில் நின்று ஒரு விரலை நீட்டினாள், சும்மா தொட்டுப் பார்க்கத்தான். குழந்தை அந்த விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தராசில் எண் மேலும் கீழும் குதித்தது.

"கைய எடுங்கம்மா, எடை தப்பாக் காட்டும்" என்றாள் நர்ஸ்.

அவள் எடுக்கவில்லை. நர்ஸ் இன்னொரு தடவை சொன்னாள். கட்டிலில் படுத்திருந்த மகள் சோர்வோடு சிரித்தாள். கதவோரம் நின்றுகொண்டிருந்த பீரோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எடைமேடை ஜன்னலில் கேட்கிற அதே குரலில், அதே அதிகாரத்தோடு சொன்னார்.

"ஆள் இறங்கு."

தராசக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"இறங்கமாட்டேன்" என்றாள்.